கேஷுவலும் சீரியஸும் ஒரே கிளானில்: புது லீடருக்கு ஒரு வழிகாட்டி

கிளாஷ் ஆஃப் கிளான்ஸ் என்ற மொபைல் கேமில் எங்கள் கிளானுக்கும் (ஒன்றாக ஆடும் குழு) இன்னொரு கிளானுக்கும் வார். முடிய இருபது நிமிடம். எதிரி ஊர்களை அடித்து நாங்கள் சேர்த்தது 38 ஸ்டார், எதிரணி 39. பதினைந்துக்குப் பதினைந்து வார். எங்கள் பக்கம் மிச்சம் இருந்தது இரண்டே அட்டாக். இரண்டும் ஒரே ஆளுடையவை. கிளான் சாட்டில் ஆளாளுக்கு அவரைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். “அண்ணா, ரெண்டு அட்டாக் இருக்கு, எங்க இருக்கீங்க?” பதிலே இல்லை. ஒரு ஸ்டாரில் தோற்றோம். தோற்ற கையோடு கோ-லீடர் தம்பி ஒருவன் அவரைக் கிளானிலிருந்து கிக் பண்ணிவிட்டான். மறுநாள் காலை வாட்ஸ்அப்பில் அண்ணனிடமிருந்து ஒரே ஒரு வரி வந்தது: “தம்பி, நைட் டூட்டி. நான் சிவப்புலதானே இருந்தேன்?”

சிவப்பில்தான், அதாவது வாருக்கு வரவில்லை என்ற நிறத்தில்தான் இருந்தார். அன்று பச்சையில், அதாவது வருகிறேன் என்று, 13 பேர்தான் இருந்தார்கள். வாருக்கு ஆள் எண்ணிக்கை 5, 10, 15 என்றுதான் ஏறும் என்பதால், 15 ஆக்குவதற்காக இரண்டு சிவப்பைச் சேர்த்தது லீடராக இருந்த நான். பத்து பேரோடு போயிருந்தால் இந்தப் பிரச்சினையே இல்லை. அந்த வாரமே அண்ணனைத் தொடர்ந்து இன்னும் நான்கு பேர் கிளானை விட்டுப் போனார்கள்.

கிளாஷ் ஆஃப் கிளான்ஸ் தெரியாதவருக்கு ஒரு வரி. பின்லாந்தின் ஹெல்சின்கியில் இருக்கும் சூப்பர்செல் 2012-இல் ஐபோனுக்கும், 2013-இல் ஆண்ட்ராய்டுக்கும் விட்ட விளையாட்டு. 2014-இல் கிளான் வார் வந்தது. அதுவரை கிளான் என்பது சாட் பண்ணவும் ட்ரூப்ஸ் (படை வீரர்கள்) வாங்கவும் ஓர் இடம், அவ்வளவுதான். வார் வந்த பிறகு, ஒருவர் தூங்கிவிட்டால் இன்னொருவர் தோற்பார் என்ற நிலை வந்தது. சும்மா டைம்பாஸுக்கு ஆடுபவருக்கும் வெறியோடு ஆடுபவருக்கும் சண்டை மூண்டது அங்கேதான். நீங்கள் புதிதாக லீடரோ கோ-லீடரோ ஆகியிருந்தால், முதல் மாதத்திலேயே இந்தச் சண்டை உங்கள் வாசலுக்கு வரும். அதற்கு முன் செய்து வைக்க வேண்டிய வேலைகள் இவை.

முதல் வேலை: ஆட்களைத் திறமையால் பிரிக்காதீர்கள்

கேஷுவல் என்றால் ஆடத் தெரியாதவர், சீரியஸ் என்றால் ஆட்டத்தில் புலி என்று நினைத்துக்கொள்வதுதான் புது லீடர்கள் செய்யும் முதல் தப்பு. எங்கள் கிளானில் ஒருவர் இருக்கிறார். எட்டு வருடமாக ஆடுகிறார், கை வைத்தால் த்ரீ ஸ்டார். ஆனால் வாரத்தில் இரண்டு நாள்தான் கேமைத் திறப்பார். கல்லூரித் தம்பி ஒருவன் இருக்கிறான். ஊரின் முக்கியக் கட்டடமான டவுன் ஹாலில் 9-ஆம் லெவலைத் தாண்டவில்லை, போடும் அட்டாக்கில் பாதி ஒரு ஸ்டார். ஆனால் ஒரு நாளைக்கு ஆறு மணி நேரம் உள்ளேயே கிடப்பான். இவர்களில் யார் கேஷுவல்? முதலாமவர்தான். பிரிக்கிறது நேரம், திறமை இல்லை.

அதனால் “யார் நல்லா ஆடுவீங்க?” என்று கேட்காதீர்கள். ஒவ்வொருவரிடமும் இரண்டு கேள்வி போதும். வாரத்தில் எந்தெந்த நாள் நிச்சயம் வருவீர்கள்? வார் தோற்றால் உங்களுக்கு எவ்வளவு எரியும்? இரண்டாவதைச் சிரித்துக்கொண்டேதான் கேட்க வேண்டும். ஆனால் பதில் உண்மையாக வரும். “எனக்கு ஒண்ணும் ஆகாதுண்ணா” என்பவரும் “அன்னைக்கு ராத்திரி தூங்க மாட்டேன்” என்பவரும் ஒரே பட்டியலில் நின்றால் என்ன நடக்கும் என்பதை அப்போதே ஊகித்துவிடலாம்.

ஒரு நோட்டிலோ போனிலோ எழுதி வையுங்கள். ஐம்பது பேர்தான் ஒரு கிளானில் இருக்க முடியும். ஒரு மாலையில் முடிகிற வேலை.

இரண்டாவது: ஒவ்வோர் ஆட்டத்துக்கும் ஒரே கேள்வி

கிளானுக்குள் நடப்பது ஒரே விளையாட்டு இல்லை, நான்கு விளையாட்டு. வார், வார் லீக் (மாதா மாதம் தொடர்ந்து ஏழு வார்), கிளான் கேம்ஸ் (சவால்களை முடித்துப் புள்ளி சேர்ப்பது), ரெய்டு வீக்கெண்ட் (வார இறுதியில் கிளானாகச் சேர்ந்து எதிரிக் கிளானின் பொது ஊரை அடிப்பது). நான்குக்கும் ஒரே சட்டம் போட்டால் கேஷுவல் ஓடிவிடுவார். ஒரு சட்டமும் போடாவிட்டால் சீரியஸ் ஓடிவிடுவார். ஒவ்வொன்றுக்கும் இப்படிக் கேட்டுப் பாருங்கள்: இவர் ஆடாவிட்டால் நஷ்டம் யாருக்கு? நஷ்டம் மற்றவருக்கு என்றால் சட்டம் கறாராக இருக்கட்டும். அவருக்கு மட்டும்தான் என்றால் வாயை மூடிக்கொள்ளுங்கள்.

கிளான் கேம்ஸை எடுத்துக்கொள்வோம். பெரும்பாலும் மாதத்தின் 22-ஆம் தேதியிலிருந்து 28 வரை நடக்கும். வழக்கமாக ஒருவர் அதிகபட்சம் 4,000 புள்ளி எடுக்கலாம். கடைசிப் படிப் பரிசு வரை திறக்க கிளான் மொத்தமாக 50,000 வேண்டும். கணக்குப் போட்டால், 13 பேர் முழுதாக முடித்தால் 52,000. வேலை முடிந்தது. மீதி 37 பேர் ஒரு சவாலை மட்டும் முடித்துவிட்டு வந்து பரிசை எடுத்துக்கொண்டு போகலாம். யாருக்கும் ஒரு ரூபாய் நஷ்டமில்லை. 4,000-ஐ முழுதாக முடித்தவருக்குக் கூடுதலாக ஒரு பரிசும் உண்டு, அதனால் சீரியஸ் ஆளுக்கும் குறை இல்லை. அப்படியிருந்தும் “எல்லாரும் 4,000 எடுக்கணும், இல்லாட்டி கிக்” என்று போர்டு மாட்டிய கிளான்களைப் பார்த்திருக்கிறேன். எதற்கு இந்தக் கொடுமை?

ரெய்டு வீக்கெண்ட் இன்னும் சுலபம். வெள்ளிக்கிழமை நம்மூர் நேரப்படி மதியம் 12:30-க்குத் தொடங்கி திங்கள் மதியம் 12:30-க்கு முடியும். ஒருவருக்கு ஐந்து அட்டாக். எதிரி ஊரின் ஒரு பகுதியை, அதாவது ஒரு டிஸ்ட்ரிக்டை, முடித்து வைத்தால் போனஸாக ஆறாவது. இதில் உங்கள் சொந்த பேஸ் (நீங்கள் கட்டிய ஊர்) எந்த லெவலில் இருக்கிறது என்பதற்கு வேலையே இல்லை. கேபிடல் என்ற பொது ஊரில் கிளானுக்கென்று கட்டிய ட்ரூப்ஸை எல்லாரும் ஒரே லெவலில்தான் எடுத்துப் போகிறார்கள். பத்து வருட ஆளும் போன மாதம் சேர்ந்தவரும் ஒரே தரத்தில் நிற்கிற இடம் இது ஒன்றுதான். மெடலும் பெரும்பாலும் அவரவர் போட்ட அட்டாக் எண்ணிக்கைக்கு ஏற்பத்தான் வரும். புதிதாக வந்தவரை முதலில் இங்கே இறக்குங்கள். சொல்லிக்கொடுக்க வேண்டியது ஒன்றே ஒன்று: யாரோ பாதியில் விட்ட டிஸ்ட்ரிக்டை முதலில் முடி, புதுசைப் பிறகு தொடு.

வார் அப்படி இல்லை. ஒருவருக்கு இரண்டு அட்டாக். அவர் போடாவிட்டால் அந்த இரண்டையும் வேறு யாரும் போட முடியாது. இங்கே நஷ்டம் எல்லாருக்கும். லீக்கில் அதைவிட மோசம்: ஆளுக்கு நாளைக்கு ஒரே அட்டாக், ஏழு நாள். அதனால் கறார் எல்லாம் இந்த இரண்டுக்கு மட்டும்.

மூன்றாவது: பச்சை சிவப்பை மதியுங்கள்

ஒவ்வொருவர் பெயருக்கும் பக்கத்தில் ஒரு நிறம் இருக்கிறது. பச்சை என்றால் வாருக்கு வருகிறேன், சிவப்பு என்றால் இல்லை. கேஷுவலுக்கும் சீரியஸுக்கும் நடுவில் சூப்பர்செல் போட்டுக்கொடுத்த பாலம் இது. ஆனால் ஆட்டம் உங்களைத் தடுக்காது. சிவப்பில் இருப்பவரையும் லீடர் இழுத்துப் போட முடியும். அங்கேதான் நான் சறுக்கினேன்.

பச்சை 13 என்றால் வார் 10-தான். மூன்று பேருக்கு வருத்தமா? அடுத்த வாரில் முதல் இடம் அவர்களுக்கு என்று சொல்லிவிடுங்கள், சரியாகிவிடும். வராத இரண்டு பேரைச் சேர்த்தால் நான்கு அட்டாக் போச்சு. அவர்களுடைய பலத்தையும் சேர்த்துக் கணக்கிட்டுத்தான் எதிரணியைக் கொண்டுவருவார்கள் என்பது அதைவிடப் பெரிய நஷ்டம்.

மறுபக்கம், பச்சையைப் போட்டுவிட்டு வராமல் இருப்பதற்குத் தண்டனை வேண்டும். எங்கள் வழக்கம்: முதல் முறை கேட்போம். இரண்டாம் முறை அடுத்த இரண்டு வாருக்கு உட்கார வைப்போம். கிக் கிடையாது. உட்கார வைத்தால் போதும், ரோஷமுள்ளவர் சரியாகிவிடுவார். ரோஷமில்லாதவர் தானாகவே சிவப்புக்குப் போய்விடுவார். எப்படியானாலும் நமக்கு லாபம்தான்.

இதைக் கிளான் விவரத்திலேயே எழுதிவிடுங்கள். “சீரியஸ் வார் கிளான், ஆக்டிவ் பிளேயர்ஸ் ஒன்லி” என்று எல்லாரும் போடுவதைப் போடாதீர்கள். எங்களுடையது இப்படி இருக்கிறது: “வாரம் ஒரு வார், வெள்ளி இரவு. பச்சை என்றால் இரண்டு அட்டாக்கும் கட்டாயம். சிவப்பு என்றால் யாரும் எதுவும் கேட்க மாட்டோம். கேம்ஸ், ரெய்டு அவரவர் வசதி.” இதைப் படித்துவிட்டு வருகிறவர் பிறகு சண்டை போடுவது குறைவு.

நான்காவது: கடிகாரத்தைப் பாருங்கள்

பாதிச் சண்டை நேரத்தால் வருவது. வாருக்குத் தயாரிப்பு 23 மணி நேரம், சண்டை 24 மணி நேரம். வெள்ளி இரவு 9 மணிக்கு எதிரணி கிடைத்தால், சண்டை சனி இரவு 8 மணிக்குத் தொடங்கி ஞாயிறு இரவு 8 வரை ஓடும். வேலைக்குப் போகிறவருக்கு ஞாயிறு காலை டிபன் முடித்துவிட்டு ஒன்று, மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒன்று. வீட்டிலும் திட்டு விழாது. அதையே செவ்வாய்க்கிழமை தொடங்கிப் பாருங்கள், புதன் இரவிலிருந்து வியாழன் இரவு வரை ஆபீஸ் மீட்டிங்கில் மேஜைக்கு அடியில் போனை வைத்துக்கொண்டு ஆட வேண்டும்.

துபாயிலும் சிங்கப்பூரிலும் ஆள் இருக்கிற தமிழ்க் கிளான்கள் நிறைய. நமக்கு இரவு 8 என்றால் சிங்கப்பூரில் பத்தரை, துபாயில் ஆறரை. கடைசி அரை மணியில் “சிங்கப்பூர் அண்ணா எங்க?” என்று கத்துவதற்கு முன் இதை நினைத்துப் பாருங்கள்.

ஐந்தாவது: கேஷுவலுக்கு முதல் அடி, சீரியஸுக்குக் கடைசி அடி

இதுதான் முக்கியமான இடம், கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். வாரில் ஒரு பேஸுக்கு மூன்று ஸ்டார்: பாதியை அழித்தால் ஒன்று, டவுன் ஹாலை உடைத்தால் ஒன்று, முழுதாக அழித்தால் ஒன்று. ஒரே பேஸை எத்தனை பேர் அடித்தாலும் அதில் சிறந்த அட்டாக்தான் கணக்கு. நான் இரண்டு எடுத்த பேஸில் நீங்கள் மூன்று எடுத்தால், உங்களால் கிளானுக்கு வந்தது ஒரே ஒரு புது ஸ்டார்.

சீரியஸ் ஆட்கள் வார் தொடங்கிய பத்தே நிமிடத்தில் இரண்டு அட்டாக்கையும் போட்டு முடித்துவிடுவார்கள். கை அரிக்கும். பிறகு மிச்சமெல்லாம் கேஷுவல் தலையில். கடைசி மணி நேரத்தில் கஷ்டமான பேஸ்கள் மட்டும் பாக்கி, அவரால் முடியாது, திட்டு விழும். இந்த வரிசையைத் தலைகீழாக்குங்கள். முதல் பன்னிரண்டு மணி நேரம் கேஷுவல்களுக்கு. தன் நம்பருக்கு நேர் எதிரே இருக்கும் மிரர் பேஸோ, அதற்குக் கீழே இருப்பதோ, அவர் விருப்பம். இரண்டு ஸ்டார் வந்தாலும் சரி, ஒன்று வந்தாலும் சரி. அந்த அட்டாக் வீணில்லை. ரீப்ளேயைப் பார்த்தால் டிராப் (கண்ணி) எங்கே இருக்கிறது, மறைந்திருக்கும் மின் கோபுரமான டெஸ்லா எங்கே எழும்புகிறது, காவல் படை இருக்கும் கிளான் காசிலிலிருந்து என்ன இறங்குகிறது எல்லாம் தெரிந்துவிடும். இரண்டாவது அட்டாக்கைக் கையில் வைத்துக்கொண்டிருக்கும் சீரியஸ் ஆள் அதைப் பார்த்துவிட்டுப் போய் மூன்றாக்குவார். க்ளீனப் என்பது இதுதான்.

இதில் இரண்டு பக்கத்துக்கும் மரியாதை இருக்கிறது. கேஷுவல் தோற்கவில்லை, வேவு பார்த்திருக்கிறார். சீரியஸ் ஆளுக்குக் கடைசி நேரப் பரபரப்பு கிடைக்கிறது. அவர் ஆடுவதே அதற்காகத்தான்.

சொல்லிக்கொடுப்பதையும் சீரியஸ் ஆட்களிடமே விடுங்கள், ஆனால் ஒன்றே ஒன்றைச் சொல்லிக்கொடுக்கச் சொல்லுங்கள். யூடியூபில் வரும் பதினைந்து வகை அட்டாக்கையும் வாரம் இரண்டு நாள் வருகிற மனிதரால் கற்க முடியாது. எங்கள் அக்கா ஒருவர், பள்ளியில் வேலை பார்க்கிறார், மூன்று மாதமாக ஒரு ஸ்டாருக்கு மேல் எடுத்ததில்லை. அந்தக் கல்லூரித் தம்பி — தன் அட்டாக் சொதப்பினாலும் சொல்லிக்கொடுப்பதில் கெட்டிக்காரன் — தன் பேஸையே ஃப்ரெண்ட்லி சேலஞ்சுக்குப் போட்டுக் கொடுத்தான். அதில் எவ்வளவு அடித்தாலும் யாருக்கும் எதுவும் குறையாது. டிராகனும் லைட்னிங் என்ற மின்னல் மந்திரமும் மட்டும். முதலில் லைட்னிங்கைக் கொட்டி, பறப்பவற்றைச் சுடும் ஏர் டிஃபென்ஸ் இரண்டைத் தூக்குங்கள். பிறகு இரண்டு ஓரத்திலும் ஒவ்வொரு டிராகன் விட்டு, ஓரத்து வீடுகள் விழும்வரை காத்திருங்கள். அவை விழுந்தால்தான் நடுவில் விடுகிற டிராகன்கள் வெளியே சுற்றப் போகாமல் உள்ளே நுழையும். “காத்திருங்கக்கா, காத்திருங்க, இன்னும் அஞ்சு செகண்ட்” என்று சாட்டில் அவன் அடித்துக்கொண்டே இருப்பான். அக்காவின் பிரச்சினை அந்த ஐந்து செகண்டில்தான் இருந்தது. எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் கொட்டிவிடுவார். நான்காம் நாள் அந்தத் தம்பியின் பேஸை மூன்று ஸ்டார் அடித்தார். அதன் பிறகு அவன் தன் லேஅவுட்டை மாற்றிக்கொண்டான். அது தனிக் கதை.

2025 மார்ச்சில் ட்ரூப்ஸ் தயாராகக் காத்திருக்கும் நேரத்தையே எடுத்துவிட்டார்கள். முன்பெல்லாம் ஒரு அட்டாக் சொதப்பினால் அடுத்த படை தயாராகும்வரை போனைக் கீழே வைக்க வேண்டும். அரை மணி நேரம் மட்டும் கிடைக்கிறவருக்குப் பழகவே வழியில்லை. இப்போது அந்தச் சாக்கும் போய்விட்டது.

ஆறாவது: லீக்கும் போனஸும்

வார் லீக் 2018 அக்டோபரில் வந்தது. மாதத் தொடக்கத்தில் பதிவு, எட்டுக் கிளான் ஒரு குழு, ஏழு வார். பதிவு செய்யும்போது தேர்ந்தெடுத்த ஆட்களுக்குள்தான் பிறகு மாற்ற முடியும். எனவே 15 பேர் லீக் என்றாலும் பட்டியலில் 20, 22 பேரைப் போட்டு வையுங்கள்.

ஒருவர் லீக் முழுதும் எட்டு ஸ்டார் எடுத்துவிட்டால் தன் பங்கு மெடல் முழுதாகக் கிடைத்துவிடும். நல்ல ஆள் மூன்று நாளில் ஒன்பது எடுத்துவிடுவார். அதற்கு மேல் அவர் ஆடுவது கிளான் மேலே ஏறுவதற்கு மட்டும். இங்கே லீடர் ஒரு முடிவு எடுத்தாக வேண்டும்: இந்த மாதம் ஏறப் போகிறோமா, எல்லாருக்கும் மெடல் கொடுக்கப் போகிறோமா? இரண்டும் வேண்டும் என்றால் இரண்டும் கிடைக்காது. நாங்கள் ஒரு மாதம் அது, ஒரு மாதம் இது என்று வைத்திருக்கிறோம். சீரியஸ் ஆட்களுக்கு இதில் முழுத் திருப்தி இல்லைதான். ஆனால் எந்த மாதம் எது என்று முன்பே தெரிவதால் புலம்பல் பாதியாகக் குறைந்தது.

போனஸ் மெடல் லீடர் கையில் இருக்கும். இதைக் கொடுக்கும்போது நட்பு உடையும். லீக் தொடங்கும் முன்பே விதியைச் சொல்லிவிடுங்கள்: அதிக ஸ்டார் எடுத்தவருக்கு முதலில், ஒரு அட்டாக்கையும் விடாதவருக்கு அடுத்து, போன மாதம் வாங்கியவர் கடைசியில். முடிந்த பிறகு விதி சொன்னால், நீங்கள் ராமராகவே இருந்தாலும் மச்சானுக்குக் கொடுத்தார் என்றுதான் பேச்சு வரும்.

வாய்ப்பேச்சு

“ரஷ் பேஸ்” என்ற சொல்லைக் கிளான் சாட்டில் கிண்டலாகப் பயன்படுத்தத் தடை போடுங்கள். சுவரை ஏற்றாமல் டவுன் ஹாலை மட்டும் ஏற்றியவர் அதை ஆசைப்பட்டுத்தான் செய்திருப்பார். அவர் காசு, அவர் நேரம். வாரில் அவருக்கு ஏற்ற பேஸைக் கொடுப்பது உங்கள் வேலை. அதேபோல “ஒரு கேமுக்குப் போய் இவ்வளவு டென்ஷனா?” என்ற வாக்கியத்துக்கும் தடை. சீரியஸ் ஆளை இதைவிட வேகமாக வெளியே துரத்தும் வேறு சொல் இல்லை. அவர் மூன்று வருடமாகச் சுவரை ஒவ்வொன்றாக ஏற்றியிருக்கிறார்.

தோற்ற வார் முடிந்து அரை மணி நேரத்துக்கு யாரையும் கிக் பண்ணக்கூடாது என்று கோ-லீடர்களிடம் சொல்லி வையுங்கள். முடிந்தால் கோ-லீடர் பதவியை மூன்று பேருக்கு மேல் கொடுக்காதீர்கள். அதில் ஒருவர் கேஷுவலாக இருக்கட்டும்.

இரண்டு கிளானாகப் பிரிக்கலாமா?

நாற்பது பேருக்கு மேல் போய், பத்துப் பதினைந்து பேர் இரண்டு நாளுக்கு ஒரு வார் கேட்கும்போது யோசிக்கலாம். ஓய்வாக ஆட ஒன்று, வாருக்கு ஒன்று. விருப்பப்பட்டவர் வாருக்கு அங்கே போய்விட்டு முடிந்ததும் திரும்பி வரலாம். இருபது பேரை வைத்துக்கொண்டு பிரிக்காதீர்கள். ஒரு கிளானில் சாட் செத்துவிடும், இன்னொன்றில் வாருக்கு ஆள் இருக்காது. நாங்கள் ஒருமுறை பிரித்துவிட்டு ஆறே வாரத்தில் ஒன்று சேர்ந்தோம்.

அண்ணனைப் பற்றிச் சொல்லவில்லையே. கிக் பண்ணிய தம்பியே போய் மன்னிப்புக் கேட்டான். அவர் வருவதற்கு ஒரு மாதம் ஆனது. கூடவே போன நால்வரில் இரண்டு பேர்தான் வந்தார்கள். இப்போது அண்ணன் டூட்டி வாரத்தில் சிவப்பு, ஓய்வு வாரத்தில் பச்சை. போன ஞாயிறு காலை ஒன்பது மணிக்கே இரண்டு அட்டாக்கையும் போட்டுவிட்டு, “முடிஞ்சுது தம்பி, நான் தூங்கப் போறேன், யாரும் எழுப்பாதீங்க” என்று எழுதியிருந்தார். ஒன்று இரண்டு ஸ்டார், ஒன்று ஒரே ஸ்டார். மத்தியானம் அந்த இரண்டு பேஸையும் தம்பி க்ளீனப் பண்ணினான்.